பள்ளி அறிவியலுக்கும் சூழல் கல்விக்கும் பணம் எங்கே இருக்கிறது?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த சில வாரங்களுக்குள் சென்னையின் ஏதாவது ஒரு பகுதியிலிருந்து ஒரு தலைமையாசிரியரோ அறிவியல் ஆசிரியரோ தொலைபேசியில் அழைப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. பள்ளியில் அறிவியல் மன்றம் இருக்கிறது, சுற்றுச்சூழல் மன்றமும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆர்வமும் இருக்கிறது, செலவுக்குத்தான் வழியில்லை, யாரிடம் கேட்கலாம் என்பார்கள். பள்ளிகளுக்காக நிதி விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பதை நான் தன்னார்வப் பணியாகச் செய்து வருவதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யாரிடம் கேட்பது என்பதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆண்டு உங்கள் பிள்ளைகள் எதைக் கண்டறியப் போகிறார்கள்? பல பள்ளிகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை. ஆனால் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் தயாராக இருக்கும். நுண்ணோக்கி பத்து, புரொஜெக்டர் ஒன்று, தொலைநோக்கி ஒன்று என்று நீளும் அந்தப் பட்டியலை அப்படியே ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் அது பொருளாக வந்து இறங்குமே தவிர, கல்வியாக மாறும் என்பதற்கு உறுதியில்லை. கேள்வி தெளிவாக இருந்தால் அதற்கு எவ்வளவு பணம் வேண்டும், அந்தப் பணம் எந்தக் கதவைத் தட்டினால் கிடைக்கும் என்பதெல்லாம் வரிசையாகப் புலப்படும் என்பது என் அனுபவம்.

நான் பார்த்த ஓர் ஆய்வகத்தைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரியில் ப்யூரெட்டுகள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் நின்றன. காப்பர் சல்பேட் குப்பியின் மூடியைச் சுற்றி நீலப் படிகம் இறுகிப் போயிருந்தது. ஒரு மூலையில், பூப்போட்ட மேசைத் துணியால் மூடி, மேலே ஒரு பழைய நாளிதழையும் விரித்து, முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அது ஓடிய காலத்தில் பிள்ளைகள் அச்சிட்ட சிறு பற்சக்கரம் ஒன்றை அறிவியல் ஆசிரியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். இயந்திரத்துக்குத் தேவையான பிளாஸ்டிக் இழைச் சுருள் தீர்ந்துவிட்டது, அடுத்த சுருள் வாங்க எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் மூடி வைத்துவிட்டோம் என்றார். லட்சக்கணக்கில் மதிப்புள்ள ஒரு கருவி நின்றுபோவதற்கு ஒரு சுருள் இழை இல்லாததே போதுமானதாக இருந்தது. பள்ளி அறிவியலுக்கான நிதியில் உள்ள அடிப்படைக் கோளாறு இதுதான்: ஒருமுறைச் செலவுக்குக் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள், தொடர் செலவுக்குக் கொடுக்க மிகச் சிலரே வருகிறார்கள், அதைக் கேட்க வேண்டும் என்று பள்ளிகளுக்கும் தோன்றுவதில்லை.

முதலில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பணத்தைப் பார்ப்போம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில், மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் ஒரு பள்ளி மானியம் உண்டு. 30 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு 10,000 ரூபாய் என்று தொடங்கி, 1,000 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு 1 லட்சம் ரூபாய் வரை அது போகிறது. பழுதான ஆய்வகப் பொருள்களை மாற்றுவதும் இந்த மானியத்தின் நோக்கங்களில் ஒன்று. நடைமுறையில் சுண்ணாம்பு அடிப்பதற்கும் குழாய் மாற்றுவதற்கும் மின்கட்டணத்துக்குமே அது கரைந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். அதே திட்டத்தில் இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றத்துக்கென்று தனியாக, தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 15,000, உயர்நிலை மற்றும் மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரை ஆண்டுதோறும் ஒதுக்க விதி இருக்கிறது. ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-ல் தொடங்கிய தேசிய பசுமைப் படையின் கீழும் மன்றங்களுக்கு ஒரு சிறு தொகை வந்தது. 2,500 ரூபாயாக இருந்து பின்னர் 5,000 ஆனது. தமிழ்நாட்டில் அதற்கான அலுவலகம் சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இயங்கும் சுற்றுச்சூழல் மற்றும் காலநிலை மாற்றத் துறை.

விதியில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷாவின் ஒன்றிய அரசுப் பங்கு தமிழ்நாட்டுக்கு வழங்கப்படாமல் நின்றதும், மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாடியதும் எல்லோருக்கும் தெரிந்ததே. மேலே நடக்கும் இழுபறியின் பாரம் கடைசியில் ஒரு நடுநிலைப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தின் மேல்தான் வந்து விழுகிறது. ஆகவே இந்தத் தொகை வந்தால் இதைச் செய்வோம் என்று காத்திருக்காமல், வராவிட்டாலும் நடத்தக்கூடிய அளவில் ஒரு சிறு திட்டத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் ஆசிரியர்களிடம் சொல்கிறேன்.

மாணவரின் பெயரிலேயே வரும் பணமும் ஒன்று உண்டு. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு ஒரு பள்ளி ஐந்து மாணவர்களின் யோசனைகள் வரை இணையத்தில் பதிவு செய்யலாம்; தேர்வாகும் ஒவ்வொரு மாணவருக்கும் மாதிரி செய்வதற்காக 10,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கே நேராக வரும். கண்டறிய வேண்டிய கேள்வி என்று நான் மேலே சொன்னது ஒரு வகுப்பறையில் உயிரோடு இருந்தால் இதற்கான யோசனைகள் தாமாகவே பிறக்கும். இங்கே பள்ளிகள் கவனிக்க வேண்டியது ஒரு சின்ன விஷயம்: வங்கிப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் தலைப்பெழுத்தும் பதிவில் கொடுக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் தலைப்பெழுத்து முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் என்று மாறி மாறி நிற்பதால், தேர்வான பிறகும் பணம் வந்து சேராமல் போகிறது.

பெரிய தொகை என்றால் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத்தை, அதாவது பிள்ளைகள் கருவிகளைக் கையாண்டு தாமே செய்து பார்க்கும் ஆய்வகத்தை, சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான இந்த ஆய்வகத்துக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய். அதில் 10 லட்சம் ஆய்வகத்தை நிறுவுவதற்கு, மீதி 10 லட்சம் ஐந்து ஆண்டுகள் வரை நடத்துவதற்கு. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அந்த ஐந்து ஆண்டு நடப்புச் செலவு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதை விண்ணப்பம் போடும் நாளிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். ஆறாவது ஆண்டில் இழைச் சுருளுக்கும் சாலிடரிங் கம்பிக்கும் பணம் தரப்போவது யார் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் சட்டப்படியான கடமை. நிதி தேடும் ஆசிரியர்கள் இந்தக் குழுவை ஒரு சம்பிரதாயமாகவே நினைக்கிறார்கள். ஆனால் கொடுப்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள்: ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட கடிதத்துக்கும், பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றி, வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, குழுவின் வங்கிக் கணக்கு எண்ணோடு அனுப்பும் கடிதத்துக்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது. முதல் கடிதம் அந்த ஆசிரியர் இடம் மாறிப் போனதும் செத்துவிடும். இரண்டாவது பள்ளியின் சொத்து. 2022 டிசம்பரில் மாநில அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தில் கொடையாளர்களும் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் இணையதளத்தில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து உதவ முடிகிறது. அங்கே பள்ளியின் தேவைகளாகப் பதிவாகும் வரிகளை எழுதுவதற்கும் இந்தக் கூட்டமே சரியான இடம். 'அறிவியல் உபகரணங்கள்' என்று ஒற்றை வரியில் எழுதுவதை விட, 'எட்டாம் வகுப்பு நிலத்தடி நீர் ஆய்வுக்கான சோதனைப் பொருள்கள், ஓராண்டுக்கு' என்று எழுதுவது கொடுப்பவரின் கண்ணில் நிற்கும்.

இனி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்வது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் கல்வியும் இருக்கிறது, சுற்றுச்சூழல் நிலைப்பேறும் இருக்கிறது. சூழல் கல்விக்கான விண்ணப்பம் இந்த இரண்டு தலைப்புகளிலும் பொருந்தக்கூடியது என்பது நமக்குச் சாதகம். எந்தத் தலைப்பில் அந்த நிறுவனம் ஏற்கெனவே செலவழித்து வருகிறது என்பதை அதன் ஆண்டறிக்கையின் சி.எஸ்.ஆர். இணைப்பில் பார்த்துவிட்டு அதற்கேற்ப எழுதலாம். நிறுவனம் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அம்பத்தூர், கிண்டி, மணலி, பழைய மகாபலிபுரம் சாலை, ஒரகடம் என்று தொழிலகங்களும் அலுவலகங்களும் சூழ்ந்த நகரத்தில், தன் பள்ளியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் எந்தெந்த நிறுவனங்களின் ஆலையோ அலுவலகமோ இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்காத தலைமையாசிரியர் எப்படியோ மும்பையில் உள்ள ஓர் அறக்கட்டளையின் முகவரியை மட்டும் வைத்திருக்கிறார். பக்கத்துத் தெருவிலிருந்து தொடங்குங்கள்.

உலகச் சுற்றுச்சூழல் நாளன்று ஊர்வலம், தொப்பி, பதாகை, மரக்கன்று என்று ஒருநாள் நிகழ்ச்சிக்குப் பணம் கேட்கும் விண்ணப்பங்களை நான் எழுதிக் கொடுப்பதில்லை. அதற்கு என் மனச்சாய்வு மட்டும் காரணமில்லை. மாரத்தான், விருது, விளம்பரம் போன்ற ஒற்றை நிகழ்வுகள் சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் வராது என்று நிறுவன விவகார அமைச்சகம் 2014 ஜூன் மாதச் சுற்றறிக்கையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓராண்டு அல்லது மூன்றாண்டுத் திட்டமாகக் கேட்பது கல்விக்கும் நல்லது, அவர்களுடைய கணக்குக்கும் நல்லது. நிறுவனம் நேரடியாகச் செலவழிக்காமல் ஓர் அறக்கட்டளை வழியாகச் செலவழித்தால், அந்த அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகளும், 2021 ஏப்ரல் முதல் நிறுவன விவகார அமைச்சகத்தில் பெறும் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும், மூன்றாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். பள்ளிக்காகப் புதிதாக ஓர் அறக்கட்டளை தொடங்கலாமா என்று முன்னாள் மாணவர்கள் கேட்கிறார்கள். இந்தப் பதிவுகளெல்லாம் ஏற்கெனவே உள்ள ஒரு நல்ல அமைப்போடு சேர்ந்துகொள்வதே எளிது.

இந்த இடத்தில் மனத்தை உறுத்தும் ஒன்றைப் பேசாமல் நகர முடியாது. வடசென்னையில் ஆலைகள் சூழ்ந்த எண்ணூரிலும் மணலியிலும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சூழல் கல்வி என்பது பாடப்புத்தகத்தில் வரும் துருவக் கரடி இல்லை. கொடியில் காயும் துணியில் படியும் தூசி அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, படகுகளிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் கறுப்பாகப் படிந்ததை அந்தப் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். சட்டம் வட்டாரத்துக்கு முன்னுரிமை கேட்கிறது. வட்டாரத்தில் இருப்பதோ புகைபோக்கிகள். அந்த வட்டாரத்து ஆலைகளின் காற்றையும் நீரையும் பிள்ளைகள் அளக்கும் ஆய்வுக்கு அந்த ஆலைகளிடமே பணம் வாங்கலாமா என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். என் கருத்து இதுதான். வகுப்பறை, கழிவறை, நூலகம், ஆய்வக மேசை ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தை வாங்கலாம்; அது அந்த ஊருக்கு உரிமையுள்ள பணம், மறுப்பதால் பிள்ளைகளுக்கு நன்மையில்லை. அளவீடு செய்யும் திட்டத்துக்கு வாங்கக் கூடாது. அதற்கு ரோட்டரி சங்கம், முன்னாள் மாணவர்கள், வேறு துறை சார்ந்த நிறுவனங்கள் என்று கொஞ்சம் அலைந்தாலும் தனியே திரட்ட வேண்டும். எவரிடம் வாங்கினாலும், பிள்ளைகள் சேகரிக்கும் தரவு பள்ளிக்கே உரியது, அதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை என்ற ஒரு வாக்கியம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை ஏற்காத நிதி நமக்கு வேண்டாம். பிள்ளைகள் அளந்து எழுதிய ஓர் எண்ணை யாரோ ஒருவர் வசதிக்காக மறைக்கச் சொல்வதுதான் அறிவியலுக்கு எதிராகப் பள்ளியில் நடக்கக்கூடிய மிகப் பெரிய பாடம்.

இனி ஒரு விண்ணப்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, நான் அடிக்கடி பரிந்துரைக்கும் ஒரு திட்டத்தையே விளக்குகிறேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2015-ல், இதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரை விட நல்ல ஆய்வுப் பொருள் இல்லை. கேள்வி: மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் நம் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீர் மாறுகிறதா? வேளச்சேரி, மடிப்பாக்கம், பெருங்குடி போன்ற ஒரு பகுதியில் 50 இடங்களைத் தேர்ந்தெடுத்து, செப்டம்பரில் ஒருமுறையும் ஜனவரியில் ஒருமுறையும் அதே குழாய்களில் நீரெடுத்து, கரைந்துள்ள உப்பின் அளவு, அமில காரத் தன்மை, கடினத்தன்மை, கிருமி உண்டா என்ற நான்கையும் சோதிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. ஒரு பிள்ளை தன் வீட்டுக் குழாயில் எடுத்த நீரில் உப்பின் அளவைக் காட்டும் மீட்டரை அமிழ்த்தி, 1,400 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் தன் வீடு எங்கே நிற்கிறது என்று யோசிக்கும் கணத்தில் பாடம் தொடங்குகிறது. கிருமிச் சோதனைக் குப்பியில் நீரை ஊற்றி அறை வெப்பத்தில் வைத்தால், மலக்கிருமிக் கலப்பு உள்ள நீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். மீட்டரில் நல்ல எண் காட்டிய நீரே குப்பியில் கறுப்பதும் உண்டு. உப்பு குறைவு என்பதும் குடிக்க உகந்தது என்பதும் ஒன்றல்ல என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது.

இதற்கு 60 பிள்ளைகளுக்கு ஓராண்டுக்கு நான் போடும் மதிப்பு 50,000 ரூபாய். மீட்டர்கள் ஐந்துக்கு 3,000, நீர்ப் பரிசோதனைப் பெட்டிக்கு 5,000, கிருமிச் சோதனைக் குப்பிகள் நூற்றுக்கு 4,000, குறிப்பேடுகளுக்கு 3,000. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் அடையாறு பூங்காவுக்கும் பேருந்தில் போய்வர 18,000, ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கும் விடுமுறை நாள் படிக்கும் 6,000, சிற்றுண்டிக்கு 5,000, முடிவுகளை அச்சிட்டுத் தெருமக்களுக்குக் காட்ட 4,000, எதிர்பாராச் செலவுக்கு 2,000. கருவிகளும் சோதனைப் பொருள்களும் 12,000 தான். பேருந்துக்கு மட்டும் அதை விட அதிகம். இந்த விகிதத்தைப் பார்த்துப் பல தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள், பேருந்துச் செலவைக் குறைத்துவிட்டு ஒரு நல்ல கருவி கேட்கலாமே என்கிறார்கள். குறைக்க வேண்டாம் என்பேன். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணை, தென்சென்னையின் மழைநீர் வடிந்து வந்து தங்கும் இடம். தன் வீட்டுக் குழாய்க்கும் அந்தச் சதுப்புக்கும் உள்ள தொடர்பை ஒரு பிள்ளை புத்தகத்தில் படிப்பதும், டிசம்பர் காலையில் அங்கே வலசைப் பறவைகளோடு நின்று பார்ப்பதும் ஒன்றாகாது. 1991-ல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னதிலிருந்து புத்தகங்களில் அந்தப் பாடம் இருக்கிறது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் பேருந்துக்குத்தான் யாரும் வரவுசெலவில் இடம் வைப்பதில்லை.

விண்ணப்பத்தைப் படிப்பவர் அடுத்துத் தேடுவது ஆசிரியரை. அரசுப் பள்ளிகளில் பணி மாறுதல் கலந்தாய்வு வந்தால் யார் எங்கே போவார் என்பது தெரியாது; ஓர் ஆர்வமுள்ள ஆசிரியை போனதும் மன்றமே கலைந்துவிடுவதை எத்தனையோ பள்ளிகளில் பார்க்கலாம். இரண்டு ஆசிரியர்களின் பெயரைப் போடுங்கள், முடிந்தால் ஒருவர் அறிவியலும் மற்றவர் தமிழோ சமூக அறிவியலோ கற்பிப்பவராக இருக்கட்டும். பயிற்சிச் செலவையும் விடுமுறை நாளில் வருவோருக்கான படியையும் வரவுசெலவில் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஆசிரியரின் உழைப்பு இலவசமாகக் கிடைக்கும் என்ற நினைப்பில் போடப்படும் திட்டங்கள் இரண்டாம் பருவத்தில் தளர்ந்துவிடுகின்றன. மாநில அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் நடுநிலை வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களோடு வருகிறார்கள். அவர்கள் வரும் நாளை உங்கள் ஆய்வோடு இணைத்துக்கொண்டால், அரசின் முயற்சியும் உங்கள் திட்டமும் ஒன்றையொன்று தாங்கும் என்பதை விண்ணப்பத்தில் காட்டலாம். இப்போதைய நிலை என்ன என்பதற்கு ஆதாரம் வேண்டுமானால், தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் பசுமைப் பள்ளிகள் திட்டத்தின் தணிக்கையைப் பிள்ளைகளை வைத்தே செய்து பாருங்கள். காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்ற ஆறு தலைப்புகளில் உங்கள் வளாகத்தைப் பற்றிய எண்கள் கையில் வந்துவிடும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்துக்கு அதை விட வலுவான ஆதாரம் கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் பணம் அனுப்ப ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. அனுப்புபவர் இந்தியக் குடியுரிமையோடு தன் சம்பாத்தியத்திலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது வேறு. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டாலோ, அங்குள்ள அமைப்பின் பெயரில் அனுப்பினாலோ அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற எப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு வேண்டும், தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் அது வர வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. ரோட்டரி சங்கங்களின் கதை எளிது. பக்கத்துச் சங்கத்தின் வாராந்தரக் கூட்டத்துக்கு ஆசிரியரும் இரண்டு பிள்ளைகளும் போய்ப் பத்து நிமிடம் பேசினால் 50,000 ரூபாய்த் திட்டத்துக்கு வழி பிறக்க நல்ல வாய்ப்பு உண்டு; சுற்றுச்சூழல் 2021 முதல் ரோட்டரி அறக்கட்டளையின் கவனத் துறைகளில் ஒன்றாகவும் இருக்கிறது. அனுமதி விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: மாநகராட்சிப் பள்ளியென்றால் ரிப்பன் மாளிகையின் கல்வித் துறையிலும், மற்ற அரசுப் பள்ளியென்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற பிறகே வெளி ஆள்களை வளாகத்துக்குள் அழைக்க வேண்டும்.

பணம் வந்த பிறகு செய்ய வேண்டியது ஆசிரியர்களுக்கு அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இரண்டாம் ஆண்டு நிதி அதில்தான் இருக்கிறது. வாங்கும் முன் மூன்று விலைப்புள்ளிகள், ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது, வந்த பொருள் இருப்புப் பதிவேட்டில் பக்க எண்ணோடு பதிவு, உடையும் கண்ணாடிப் பொருளுக்குத் தனிப் பக்கம், முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ். சான்றிதழோடு வழக்கமாக அனுப்பும் குழுப் புகைப்படத்துக்குப் பதிலாக, பிள்ளைகளின் குறிப்பேட்டிலிருந்து செப்டம்பர் அளவீட்டுப் பக்கத்தையும் ஜனவரி அளவீட்டுப் பக்கத்தையும் நகலெடுத்து அனுப்புங்கள். அடித்துத் திருத்திய எண்கள் இருந்தால் அப்படியே இருக்கட்டும், அழகாக மறுபடி எழுதச் சொல்ல வேண்டாம். உண்மையில் அளந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த அடித்தலும் திருத்தலும்தான் சாட்சி. நிதி தரும் அமைப்பில் அறிவியல் தெரிந்த ஒருவர் இருந்தால் அவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

நாள்காட்டியும் ஒத்துவர வேண்டும். நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, நம் பள்ளி ஜூனில். ஏப்ரல், மே மாதங்களில் நிறுவனம் ஆண்டுத் திட்டத்தை முடிவு செய்யும்போது நம் பள்ளிகள் தேர்விலும் விடுமுறையிலும் இருக்கின்றன. ஜூலையில் நாம் கேட்கும்போது அவர்கள் இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆகவே அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தைப் பிப்ரவரியிலேயே, ஜனவரி அளவீட்டின் முடிவுகளோடு கொடுத்துவிடுவது சரியாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை செலவாகாமல் மிஞ்சிய தொகையோடு சில நிறுவனங்கள் தாமாகவே பள்ளிகளைத் தேடி வரும். அப்போது மார்ச் 31-க்குள் செலவழித்துக் காட்ட வேண்டும் என்பதால், கையில் தயாராக விலைப்புள்ளியோடு இருக்கும் பள்ளிக்குத்தான் அது போகும். அந்த அவசரத்தில் வரும் பணத்தைக் கொண்டு கருவி வாங்கிக் குவிக்காமல், அடுத்த செப்டம்பருக்கான சோதனைப் பெட்டிகளையும் குறிப்பேடுகளையும், காலாவதித் தேதி பார்த்து, முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால், முதல் சுற்று நீரெடுப்பைச் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் முடித்துவிடும்படி திட்டத்தில் எழுதுங்கள். மழை தொடங்கிய பிறகு எடுத்த நீரை மழைக்கு முந்தைய அளவாகக் காட்ட முடியாது.